லயத்து வீட்டில் ஒரே போன்: பிள்ளைகளை இணையத்தில் காப்பது எப்படி

கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, 2020 ஜூன் 1-ஆம் தேதி கேரளத்தில் பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்தது. கைட் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. தமிழ்வழிப் பிள்ளைகளுக்கான பாடங்கள் யூடியூப் வழியாகவும் வாட்ஸ்அப் வழியாகவும் வந்தன. வண்டிப்பெரியார், பீர்மேடு, ஏலப்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பட்டன் போனோடு காலம் தள்ளிய குடும்பங்களும் கடன் வாங்கியாவது ஒரு ஸ்மார்ட்போன் வாங்க வேண்டியதாயிற்று. ரேஞ்ச் கிடைக்கும் மேடு எது என்று பிள்ளைகள் தேடித் திரிந்தார்கள். பிறகு பள்ளி திறந்தது. போன் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதை எப்படிப் பாதுகாப்பாகப் புழங்குவது என்பதைக் கொழுந்தெடுக்கப் போகிற அம்மாவுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

இணையப் பாதுகாப்பு என்று வரும் அறிவுரைகளில் பல, பிள்ளைக்குத் தனி அறையும் தனி போனும் இருக்கும் வீட்டை நினைத்து எழுதப்பட்டவை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கதை வேறு. போன் ஒன்று. கணக்கு அப்பா பெயரில். அம்மாவும் அப்பாவும் காலையிலேயே வேலைக்காட்டுக்குப் போய்விடுவார்கள். போனின் உள்வழிகள் பெற்றோரைவிடப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். எனவே, வீட்டில் இருக்கும் அந்த ஒரே போனிலிருந்து தொடங்குவோம்.

பூட்டுக்கு முன்னால் ஒரு வாக்குறுதி

போனில் என்ன பூட்டுப் போட்டாலும் அதைத் திறக்க ஒரு பிள்ளைக்கு வழி தெரிந்துவிடும். ஏதோ தப்பாக நடக்கும்போது பிள்ளை முதலில் உங்களிடம் ஓடி வருகிறதா என்பதுதான் உண்மையான காவல். பல பிள்ளைகள் வருவதில்லை. அதற்கு அவர்களிடம் இரண்டு காரணங்கள் இருக்கின்றன: சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள், சொன்னால் அடி விழும். பெண்பிள்ளைக்கு மூன்றாவதாக ஒரு பயமும் உண்டு, படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று. மிரட்டுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். "உங்க அம்மாகிட்ட சொல்லிடுவேன்" என்பதே அவனுடைய பெரிய ஆயுதம்.

ஆகவே முதல் வேலையாக, ஒன்றும் நடக்காத ஒரு சாதாரண நாளில் பிள்ளையை உட்கார வைத்து இப்படிச் சொல்லுங்கள்: "போன்ல யாராவது உன்னைப் பயமுறுத்தினாலோ, போட்டோ கேட்டாலோ, அசிங்கமா ஏதாச்சும் அனுப்பினாலோ எங்கிட்ட வந்து சொல்லு. நீயே தெரியாம அனுப்பியிருந்தாலும் சொல்லு. அடிக்க மாட்டேன், போனைப் பிடுங்க மாட்டேன், பள்ளிக்கூடத்தை நிறுத்த மாட்டேன்." அப்பாவும் இதையே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுப் பிறகு ஒரு சின்ன விஷயத்துக்குக் கத்தினால் அந்த வாக்குறுதி அன்றோடு செத்துப்போகும்.

பையன்களை இதில் விட்டுவிடாதீர்கள். 'ஆம்பளப் பையனுக்கு என்ன ஆகப்போகுது' என்று இருந்துவிடுகிறோம். பெண் பெயரில் ஒரு கணக்கு நட்பாகப் பேசும். வீடியோ கால் வரும். அதைப் பதிவுசெய்து, பணம் கொடு, இல்லையென்றால் உன் நண்பர்களுக்கெல்லாம் அனுப்புவேன் என்று மிரட்டும். இந்த வலையில் பதின்வயதுப் பையன்கள் நிறைய விழுகிறார்கள். வெளியே சொல்ல வெட்கப்பட்டு உள்ளுக்குள்ளேயே நொறுங்கிப்போகிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரை மணி நேரம்

வேலை இல்லாத நாளில் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனைத் திறங்கள். வழி பிள்ளைக்குத் தெரியும். எது வேண்டும், எது வேண்டாம் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து செய்தால் இது வேவு பார்க்கிற வேலையாக இருக்காது.

பணத்திலிருந்து தொடங்குங்கள். சம்பளம் வங்கிக் கணக்கில் விழுகிறது, அந்தக் கணக்கு இதே போனில் ஜிபேயாக இருக்கிறது. யுபிஐ பின் எண் வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்றால் இன்றே மாற்றுங்கள். பணம் அனுப்பும் செயலிக்குத் தனிப் பூட்டு வையுங்கள். பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி அமையுங்கள். ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் போன்ற விளையாட்டில் டைமண்ட் வாங்குவது பிள்ளைக்கு விளையாட்டின் ஒரு பகுதியாகத்தான் தெரியும். அது வீட்டுச் சம்பளம் என்று தோன்றாது.

அடுத்தது யூடியூப். அப்பாவின் கணக்கில் ஓடும் யூடியூபுக்கு, பார்ப்பது ஏழு வயதுக் குழந்தை என்று தெரியாது. செட்டிங்ஸில் ரெஸ்டிரிக்டட் மோடை இயக்குங்கள். எல்லாவற்றையும் அது தடுத்துவிடாது, ஆனாலும் பெரும்பகுதியை வடிகட்டும். சின்னக் குழந்தைக்கு யூடியூப் கிட்ஸ் மேல். பாடம் பார்க்கப் போனைக் கொடுக்கும்போது 'ஆப் பின்னிங்' என்ற வசதியைப் பயன்படுத்தலாம். செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியில் இருக்கும். திறந்த செயலியை விட்டு வெளியே போக உங்கள் பேட்டர்னைக் கேட்கும்படி அதிலேயே அமைத்துவிடுங்கள். ஒரே போன் உள்ள வீட்டுக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. பிள்ளைக்கென்று தனி போன் இருந்தால் கூகுளின் ஃபேமிலி லிங்க்கைப் போட்டு, எந்தச் செயலி, எத்தனை மணி நேரம் என்பதை உங்கள் போனிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பில் பிரைவசி பகுதிக்குப் போங்கள். குரூப்பில் சேர்க்கக்கூடியவர்கள் 'என் தொடர்புகள்' மட்டும். சுயவிவரப் புகைப்படமும் அவர்களுக்கு மட்டும். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு ஒலிக்காதபடி செய்யும் வசதியும் அங்கேயே இருக்கிறது.

இன்ஸ்டாகிராமில் பிறந்த தேதிதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. 13 வயது ஆகாதவர்களுக்கு அங்கே இடமில்லை. 13 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு 'டீன் அக்கவுண்ட்' என்ற ஏற்பாடு 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கும் அறிவிக்கப்பட்டது. கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும், முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது, 16 வயதுக்குக் கீழே உள்ளவர் இதைத் தளர்த்தப் பெற்றோரின் அனுமதி வேண்டும். ஆனால் வயதைக் கூட்டிப் பொய்த் தேதி போட்டிருந்தால் இந்தக் காவல் ஒன்றும் கிடைக்காது. என்ன தேதி போட்டிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஸ்நாப்சாட் இருந்தால் அதன் வரைபடத்தில் இருப்பிடம் தெரியாதபடி 'கோஸ்ட் மோட்' வையுங்கள்.

பள்ளி விட்டு வந்த பிறகு, அம்மா கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு சேரும் வரை உள்ள இடைவெளிதான் ஆள் இல்லாத நேரம். அந்த நேரத்துக்குப் போன் வீட்டில் இருந்தே ஆக வேண்டுமா என்று யோசியுங்கள். இருக்கத்தான் வேண்டும் என்றால், எல்லோரும் நடமாடும் முன்னறையில் வைத்துப் பார்க்கட்டும். இரவு சார்ஜ் போடும் இடம் பெரியவர்கள் படுக்கும் பக்கமாக இருக்கட்டும்.

பள்ளிக்கூடம் செய்ய வேண்டியது

பகல் 11 மணிக்குப் பெற்றோர் கூட்டம் வைத்தால் கொழுந்தெடுக்கிற அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். அதனால் அவர் வருவதில்லை. 'பெற்றோருக்கு அக்கறை இல்லை' என்று ஆசிரியர்களாகிய நாம் எழுதிவிடுகிறோம். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள். லயத்துக்கே போய் நடத்த முடிந்தால் இன்னும் நல்லது. தமிழில் நடத்துங்கள்; ஒவ்வொருவரும் தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு செய்து பார்க்கும்படி நடத்துங்கள்.

அதற்கு ஆட்கள் பள்ளிக்குள்ளேயே இருக்கிறார்கள். கேரள உயர்நிலைப் பள்ளிகளில் 2018-இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் என்ற கணினி மன்றத்துப் பிள்ளைகள் 2022 மே மாதம் 'அம்ம அறியான்' என்ற பெயரில் தாய்மார்களுக்கு இணையப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தார்கள். அதையே தமிழ் பேசும் பிள்ளைகளைக் கொண்டு ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் தோட்டந்தோறும் நடத்தலாம். எட்டாம் வகுப்புப் பெண் சொல்லிக்கொடுத்து அம்மா கற்றுக்கொள்ளும்போது, வீட்டில் போனைப் பற்றிப் பேசும் கூச்சமும் குறையும்.

வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பை ஆசிரியர் மட்டும் செய்தி போடும்படி வைப்பது நல்லது. பிள்ளைகள் தனியாக ஒரு குரூப் வைத்திருப்பார்கள். கேலியும் வசவும் அங்கேதான் நடக்கும். அதில் ஒரு பிள்ளை குறிவைக்கப்படுவது வகுப்பறையில் முகத்தைப் பார்த்தாலே தெரியும். திடீரென்று பள்ளிக்கு வராமல் நிற்பது, மெசேஜ் வந்தால் பதறுவது, கூட்டாளிகளோடு சேராமல் ஒதுங்குவது, இவற்றைக் கவனிக்கும் டீச்சருக்கு முதல் தகவல் கிடைத்துவிடும். ஆண்டு விழாப் படங்களைப் பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடும்போது பிள்ளையின் பெயர், வகுப்பு, தோட்டத்தின் பெயர் மூன்றையும் சேர்த்துப் போடாதீர்கள். அந்நியன் ஒருவன் தெரிந்தவன்போலப் பேச்சைத் தொடங்க அவை போதும்.

பிள்ளையின் பையில் போன் கிடைத்தால் அதைத் திறந்து படங்களைப் பார்ப்பது ஆசிரியரின் வேலை இல்லை. பெற்றோரை அழைத்துக் கொடுங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால்

முதலில் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். "ஏன் இப்படிச் செஞ்ச" என்ற கேள்வியை அன்றிரவு கேட்காதீர்கள். "நீ சொன்னது நல்லது, இனி நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லுங்கள். பிள்ளை மிகவும் உடைந்திருந்தால் தனியாக விடாதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம்.

மிரட்டுகிறவனுக்குப் பணம் அனுப்பாதீர்கள். கொடுத்தால் மறுபடியும் கேட்பான். பதிலும் வேண்டாம். செய்திகளை அழிக்க வேண்டாம். அவனுடைய எண், கணக்கின் பெயர், யுபிஐ ஐடி, செய்தி வந்த நாளும் நேரமும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மிரட்டல் வரிகளை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதற்குப் பிறகு பிளாக் செய்யலாம்.

பிள்ளையின் அந்தரங்கப் படம் இருந்தால் அதைப் படம் எடுக்காதீர்கள். யாருக்கும் அனுப்பவும் கூடாது. டீச்சருக்கும் மாமாவுக்கும்கூட வேண்டாம். இருக்கும் போனில் இருந்தபடியே காவல்துறைக்குக் காட்டினால் போதும். குழந்தைகளின் ஆபாசப் படத்தை இறக்கி வைத்திருப்பதே குற்றமாகும் என்று 2024 செப்டம்பர் 23-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றம் வேறுவிதமாகச் சொல்லியிருந்ததைத் தள்ளித்தான் அந்தத் தீர்ப்பு வந்தது. 'விசாரிக்கத்தான் அனுப்பினேன்' என்று குரூப்பில் போடுகிற பெரியவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

படம் இணையத்தில் பரவும் என்ற பயம் இருந்தால் 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை இருக்கிறது. படத்தை எங்கும் அனுப்ப வேண்டியதில்லை. அதன் அடையாளக் குறியீடு மட்டும் போனிலேயே உருவாகி, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குப் போகும். அவை அந்தப் படத்தைத் தேடித் தடுக்கும்.

பணம் போயிருந்தால் 1930-க்கு அந்த நிமிடமே கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. மற்றபடி குழந்தைகளுக்கான எண் 1098, அவசரத்துக்கு 112. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். விடுமுறைக்கு எல்லைக்கு அப்பால் கம்பத்தில் பாட்டி வீட்டில் இருக்கும்போது நடந்தால், வண்டிப்பெரியாருக்குத் திரும்பி வந்துதான் புகார் கொடுக்க வேண்டும் என்பதில்லை. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டப்படி எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம்.

மொழியை நினைத்துத் தயங்க வேண்டாம். 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழர்கள் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுத இடம் கொடுத்திருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவும் பிள்ளைக்குப் புரியாத மொழியில் வாக்குமூலம் எழுதினால் மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும் என்கிறது. 24-ஆம் பிரிவின்படி வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலேயே, கூடியவரை பெண் அதிகாரி ஒருவர், சீருடை இல்லாமல் வந்து எடுக்க வேண்டும். இரவில் எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. இவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

லயத்தில் ஒரு வீட்டில் பேசுவது அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அதனால் இந்தப் பேச்சு வீட்டைத் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்வதும் பெற்றோரின் வேலைதான். ஊர்ப் பெரியவரையோ யூனியன்காரரையோ வைத்துப் பேசி முடிப்பது இங்கே பழக்கம். சம்பளத் தகராறுக்கு அது சரி. போக்சோ குற்றத்தைப் பேசி முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. தெரிந்தும் சொல்லாமல் இருப்பவருக்கு ஆறு மாதம்வரை சிறை உண்டு. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று ஒளிக்கும் தலைமையாசிரியருக்கும் இது பொருந்தும்.

காவல்துறை போனைச் சான்றாக எடுத்துக்கொள்ளும். ஒரே போன் உள்ள வீட்டில் அதுவே பெரிய அடி. வங்கி ஓடிபி அதில்தான் வரும், பள்ளிச் செய்தியும் அதில்தான். கொடுப்பதற்கு முன் முக்கியமான எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிம்மையும் எடுத்துக்கொண்டால் அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கலாமா என்று அங்கேயே கேளுங்கள். போனைக் கைப்பற்றியதற்கான மகஸர் நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். போனைத் திரும்பக் கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போடலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வக்கீலைத் தருவது பீர்மேடு தாலுகா சட்டப் பணிக் குழுவின் கடமை. அதுவரை அந்தப் பிள்ளைக்கு வீட்டுப்பாடத்தைத் தாளில் கொடுக்கும்படி வகுப்பு டீச்சரிடம் சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.