தறிச் சத்தத்தில் தூங்கும் பிள்ளை

‘‘ஐயா, தறி ஓடுறப்ப நல்லாத் தூங்குதான். கரண்டு போனா உடனே முழிச்சு வீல்னு அழுதான். இது என்ன கோளாறு?’’

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலிருந்து இரண்டு மாதக் குழந்தையோடு வந்த தாய் கேட்டது இது. பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர் அது. விசைத்தறிச் சத்தம் அங்கே பழகிப்போன ஒன்று.

கோளாறு ஏதுமில்லை. கருவில் இருக்கும்போதே பிள்ளைக்குக் காது கேட்கத் தொடங்கிவிடும். தாயின் இதயத் துடிப்பையும் ரத்த ஓட்டத்தையும் ஓயாமல் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, ஒரே சீரான சத்தம் தொந்தரவாகத் தெரிவதில்லை. சத்தம் சட்டென்று வந்தாலோ, சட்டென்று நின்றாலோதான் முழித்துக்கொள்ளும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் திருவிழா நேரத்தில், ‘வேட்டுச் சத்தத்துக்குப் பிள்ளை தூக்கிப் போடுது’ என்று வருவார்கள். கையை விரித்து உதறுவது இயல்பான அனிச்சைச் செயல். ஏறக்குறைய ஆறு மாதத்துக்குள் தானே மறைந்துவிடும்.

அதற்காகத் தறி ஓரமாகவே தொட்டில் கட்டிவிடாதீர்கள். கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்தச் சத்தம் பிள்ளையின் காதைக் கெடுக்கும். கதவு மூடிய உள் அறையில் படுக்க வையுங்கள்.

குழந்தையின் தூக்கம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை லேசாகும். வயிறு நிறைந்து, உடம்பு சுகமாக இருந்தால் மறுபடி கண்ணயர்ந்துவிடும். ஏதாவது உறுத்தினால் டம்ளர் உருளும் சத்தமே எழுப்பிவிடும். ஆகவே சத்தத்தைக் குறை சொல்லும் முன் இவற்றைப் பாருங்கள்:

1. பசி: கையைச் சப்பினால் பால் கொடுங்கள்.
2. ஈரம்: துணி நனைந்ததா, தொடை இடுக்கு சிவந்திருக்கிறதா?
3. புழுக்கம்: பிடரி வேர்த்திருந்தால் குல்லாவும் கம்பளியும் வேண்டாம்.
4. வாயு: பால் குடித்ததும் தோளில் சாய்த்து முதுகைத் தடவி ஏப்பம் வர விடுங்கள்.
5. கொசு, எறும்பு, உறுத்தும் அரைஞாண் கயிறு.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். ‘ஜாதிக்காயைக் கல்லில் ரெண்டு இழைப்பு கூட இழைச்சுக் கொடு, நல்லா தூங்கும்’ என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அப்படிக் கொடுத்து, பாலுக்குக்கூட எழுந்திருக்காமல் துவண்டு கிடந்த மூன்று மாதப் பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்: ஜாதிக்காய், கசகசா, வசம்பு எதையும் நீங்களாக இழைத்துப் புகட்டாதீர்கள். எத்தனை இழைப்பில் எவ்வளவு மருந்து இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. இருமல் சிரப், பிராந்தி கூடவே கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். ஒரு வயதுக்கு முன் தேன் தொட்டு வைக்காதீர்கள். பிள்ளையைத் தூங்க வைப்பது வேறு, மயக்கிப் போடுவது வேறு.

படுக்க வைப்பதிலும் கவனம் தேவை. மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை வேண்டாம். அமெரிக்காவில் 1994-ல் இதை ஓர் இயக்கமாகவே பரப்பிய பிறகு, தூக்கத்தில் திடீரென இறக்கும் சிசுக்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. சேலைத் தொட்டில் என்றால் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். துணி முகத்தை மூடலாம். மூத்த பிள்ளைகள் விளையாடும்போது கழுத்தில் சுற்றிக்கொள்ளலாம். ராத்திரிக்குத் தாயின் அருகே சமதளமான, கெட்டியான தனி விரிப்பே நல்லது.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, பச்சை நிற வாந்தி, உச்சிக்குழி புடைப்பு, தேற்ற முடியாத அழுகை, எழுப்பினாலும் எழாத சோர்வு: இவற்றில் ஒன்று இருந்தாலும் கை வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சத்திரப்பட்டிப் பிள்ளைக்கு நான் மருந்தே எழுதவில்லை. குல்லாவைக் கழற்றச் சொன்னேன். தொட்டிலை உள் அறைக்கு மாற்றச் சொன்னேன். அடுத்த வாரம் அந்தத் தாய் வந்தபோது, அவர் கண்ணிலும் தூக்கக் களைப்பு இல்லை.