சர்ரா நோய்க் கிருமியும் அதன் தற்காப்பும்

மழைக்குப் பின் கடிக்கும் ஈக்கள் பெருகும் காலத்தில் மாடு, எருமை, குதிரை ஆகியவற்றைச் சர்ரா நோய் தாக்குகிறது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரத்தசோகை, மெலிவு, கருச்சிதைவு ஆகியவை இதன் அறிகுறிகள். சில மாடுகள் வட்டமிட்டுச் சுற்றி, சுவரில் தலையை முட்டி, விரைவில் இறந்துவிடுவதும் உண்டு.

இந்நோய்க்குக் காரணமான டிரிப்பனோசோமா இவான்சி என்னும் ஓரணு ஒட்டுண்ணியை 1880-ஆம் ஆண்டில் பஞ்சாபில் கிரிஃபித் இவான்ஸ் கண்டறிந்தார். ஆப்பிரிக்காவில் மனிதருக்குத் தூக்க நோயைத் தரும் கிருமிக்கு இது நெருங்கிய உறவு.

நஞ்சைச் சமாளிக்கும் விதம்

இரத்தத்தில் வாழும் இக்கிருமிகள் தமக்கு வேண்டிய சக்தியைச் சர்க்கரையிலிருந்தே பெறுகின்றன. சர்க்கரை சிதையும்போது மெத்தில் கிளையாக்சால் என்னும் நச்சுப்பொருளும் தோன்றுகிறது. இது புரதங்களில் ஒட்டி அவற்றைக் கெடுக்கும். தூக்க நோய்க் கிருமி இதனை லாக்டிக் அமிலமாக மாற்றித் தப்பிக்கிறது.

ஹைட்ரஜன் பெராக்சைடு மற்றொரு நஞ்சு. இதனை முறிக்கக் கால்நடையின் உடலில் கேட்டலேஸ் என்னும் என்சைமும் குளூட்டாதையோனும் உள்ளன. இக்கிருமிகளுக்குக் கேட்டலேஸ் கிடையாது. அவை இரண்டு குளூட்டாதையோன்களை ஸ்பெர்மிடினால் பிணைத்து, டிரிப்பனோதையோன் என்னும் தனிப்பொருளைச் செய்துகொள்கின்றன. ஃபேர்லாம்ப், செராமி முதலானோர் 1985-இல் இதனை விளக்கினர்.

இப்பொருள் கால்நடையின் உடலில் இல்லை. எனவே, இதனைத் தாக்கினால் கிருமி மட்டும் பாதிக்கப்படும். தூக்க நோய்க்கான எஃப்லார்னிதின் மருந்து, ஸ்பெர்மிடின் உண்டாவதற்கான வழியை அடைக்கிறது. மெலார்சோபுரால் என்னும் ஆர்சனிக் மருந்து டிரிப்பனோதையோனுடன் பிணைகிறது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

மற்றபடி கிருமிக்கும் கால்நடைக்கும் உயிர்வேதியியலில் ஒற்றுமையே அதிகம். அதனால் சர்ராவுக்குத் தக்க மருந்துகள் சிலவே உள்ளன. அவற்றை வீணாக்கலாகாது. செலவைக் குறைக்க எண்ணி அரை அளவு மருந்து போட்டால், எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாகிவிடும். அடுத்த முறை முழு அளவும் பயன்படாது போகலாம்.

1. காய்ச்சல் கண்டவுடன் கால்நடை மருத்துவரிடம் காட்டி, இரத்தப் பூச்சுப் பரிசோதனை செய்யவும்.

2. மாட்டின் எடைக்கேற்ற முழு அளவு மருந்தை மருத்துவரைக் கொண்டே போடவும்.

3. ஒரு மாட்டுக்குப் போட்ட ஊசியை மற்றொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது.

4. தொழுவத்தைச் சுற்றி நீரும் சேறும் தேங்காமல் பார்த்துக்கொள்ளவும். ஈக்கள் வாயில் ஒட்டிய இரத்தத்தின் மூலமே நோயைப் பரப்புகின்றன. ஆகவே, நோயுற்ற மாட்டைப் பிரித்துக் கட்டுவது அவசியம்.