எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியரும் குறையலாமா?

கேள்வி: எங்கள் பகுதி அரசுப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை தமிழ்வழியில் 40 பிள்ளைகள்தான். எத்தனை ஆசிரியர்கள் இருக்க வேண்டும்?
- வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: மூன்று பேராவது இருக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, இந்த வகுப்புகளில் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். அதோடு வகுப்புக்கு ஒருவர் வீதம், அறிவியல்-கணிதம், சமூக அறிவியல், மொழி மூன்றுக்கும் தனித்தனி ஆசிரியர் கட்டாயம். 40 பேர்தானே என்று ஒருவரையே மூன்று வகுப்புக்கும் விட்டால், அவர் ஓர் அறையில் பின்னம் போடும்போது மற்ற இரண்டு அறைகளும் கரும்பலகையை வெறித்துக்கொண்டிருக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். அங்கே எழுத்துமூலம் கேளுங்கள். ஆசிரியர் இல்லாததால் பிள்ளைகள் விலகுகிறார்கள். பிள்ளைகள் விலகியதால் ஆசிரியர் வருவதில்லை. இந்தச் சுழலை உடைக்கப் பெற்றோர் குரல் வேண்டும்.