மொபைல் செயலி டெஸ்டிங்: புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

வலைத்தளத்தில் பிழை இருந்தால் சர்வரில் திருத்தினால் போதும், எல்லோருக்கும் சரியாகிவிடும். மொபைல் செயலியில் அது நடக்காது. பிழையுள்ள பதிப்பு ஒருவருடைய போனில் இறங்கிவிட்டால், அவர் அப்டேட் செய்யும்வரை அங்கேயேதான் கிடக்கும். அதனால், டெவலப்பர் முடித்துக் கொடுக்கட்டும், கடைசி இரண்டு நாளில் டெஸ்ட் செய்துகொள்ளலாம் என்ற பழக்கம் இரண்டு வார ஸ்பிரின்டுக்கு (ஒரு தொகுதி வேலையை முடிக்கும் குறுகிய சுற்றுக்கு) ஒத்துவராது. உதாரணத்துக்கு, பேருந்து டிக்கெட் செயலி ஒன்றில் பணம் செலுத்தும் வசதியைச் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: கோடிங் தொடங்கும் முன்பே கேளுங்கள்

ஸ்பிரின்ட் பிளானிங்கில் டெஸ்டர் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. "பயணி ஓடிபி போட்டு டிக்கெட் எடுக்கலாம்" என்ற ஒரு வரி ஸ்டோரியில் (பயனருக்கு என்ன வேண்டும் என்ற குறிப்பில்) கேட்க எவ்வளவோ இருக்கிறது. ஓடிபி தாமதமாக வந்தால்? பணம் போய், டிக்கெட் வருவதற்குள் நெட் போனால்? பட்டனை இருமுறை தட்டினால் இரண்டு தடவை பணம் போகுமா? பதில்களை அங்கேயே ஸ்டோரியின் ஏற்பு நிபந்தனைகளாக எழுதி வாங்குங்கள். இதே கேள்வி ஸ்பிரின்ட் முடியும் தறுவாயில் எழுந்தால் சர்வர் பக்கமும் சேர்த்துப் பிரித்து மேய வேண்டியிருக்கும்.

படி 2: போன்களைத் தேர்ந்தெடுங்கள்

அன்றாட வேலைக்கு, கணினியில் போனைப் போலவே ஓடும் எமுலேட்டர் போதும். ரிலீஸுக்கு முன் கையில் உண்மையான போன் வேண்டும். உங்கள் பயனர்களிடம் எந்த மாடல்கள் அதிகம் என்று அனலிட்டிக்ஸில் பாருங்கள். ரேம் குறைந்த பழைய ஆண்ட்ராய்டு ஒன்று, புதியது ஒன்று, ஐபோன் ஒன்று என்று தொடங்கலாம். மூன்றில் எதை விட்டாலும் அந்தப் பழைய ஆண்ட்ராய்டை விடாதீர்கள்.

படி 3: குறுக்கீடு செய்து பாருங்கள்

மொபைல் டெஸ்டிங்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பயணி ஓடிபியைப் பார்க்க மெசேஜுக்குப் போகிறார். ரேம் போதாத போனில் ஆண்ட்ராய்டு அதற்குள் நம் செயலியை மூடிவிடலாம். திரும்பி வந்தால் முகப்புத் திரை! இதைப் போன்ற நிலையை மேஜையிலேயே வரவழைக்கலாம். செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' மீது 7 முறை தட்டினால் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' திறக்கும். அதில் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' என்பதை ஆன் செய்யுங்கள். இனி நீங்கள் விட்டுச் செல்லும் திரை உடனே அழிக்கப்படும். இப்போது மெசேஜுக்குப் போய்த் திரும்புங்கள். எடுத்த இருக்கையும் பயணி பெயரும் அப்படியே இருக்கின்றனவா? இல்லையென்றால் அது பக், அதாவது பிழைதான். "யார் இப்படியெல்லாம் செய்யப்போகிறார்கள்" என்று டீமில் யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஓடிபி பார்க்கப் போகாத பயணி கிடையாது.

பிறகு பணம் செலுத்தும் நேரத்தில் ஏரோப்ளேன் மோடு, நடுவில் ஒரு அழைப்பு, போனைத் திருப்புதல், எழுத்தளவைப் பெரிதாக்குதல் ஆகியவற்றையும் செய்து பாருங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் நோட்டிஃபிகேஷனுக்கும் அனுமதி கேட்க வேண்டும். பயணி மறுத்தாலும் டிக்கெட் அவருக்குக் கிடைக்க வேண்டும்.

படி 4: திரும்பத் திரும்பச் செய்வதை ஆட்டோமேட் செய்யுங்கள்

மைக் கோன் பரப்பிய டெஸ்ட் பிரமிட் இன்றும் நல்ல வழிகாட்டி: அடியில் கோடின் சிறு பகுதிகளைச் சோதிக்கும் ஏராளமான யூனிட் டெஸ்ட், உச்சியில் கொஞ்சம் திரை டெஸ்ட். திரை டெஸ்டுக்கான கருவிகள்: ஆண்ட்ராய்டில் எஸ்பிரஸோ, ஐபோனில் எக்ஸ்சியூஐடெஸ்ட், இரண்டுக்கும் சேர்த்து அப்பியம். முதலில் லாகின், டிக்கெட் எடுத்தல், ரத்து செய்தல் ஆகிய மூன்றையும் ஆட்டோமேட் செய்தாலே பெரிய நிம்மதி.

படி 5: பக்கைத் தெளிவாக எழுதுங்கள்

"ஓடிபி வேலை செய்யவில்லை" என்று எழுதினால் டெவலப்பரால் ஒன்றும் செய்ய முடியாது. போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, பில்ட் எண், எந்த நெட்வொர்க், தட்டிய வரிசை, எதிர்பார்த்தது, நடந்தது ஆகியவற்றோடு திரைப்பதிவும் லாக்கும் வேண்டும்.

படி 6: கொஞ்சம் கொஞ்சமாக வெளியிடுங்கள்

ஐபோனுக்கு, ஆப்பிளின் முன்னோட்டச் சோதனைச் சேவையான டெஸ்ட்ஃப்ளைட்டில் வெளியாட்கள் 10,000 பேர் வரை சேர்க்கலாம். ஆப் ஸ்டோரின் படிப்படியான வெளியீடு, தானாக அப்டேட் ஆகும் போன்களில் 1 சதவீதத்தில் தொடங்கி 7 நாளில் எல்லோரையும் எட்டும். பிளே ஸ்டோரில் சதவீதத்தை நீங்களே வைக்கலாம். அந்த நாட்களில் க்ராஷ் கணக்கைத் தினமும் பாருங்கள். அன்றாடப் பயனர்களில் 1.09 சதவீதத்தினருக்கு மேல் க்ராஷ் கண்ணில்பட்டால் பிளே அதை மோசமான செயலி என்று கணக்கில் வைத்து, தேடலில் பின்னே தள்ளக்கூடும். எண் ஏறுகிறதா? ரோல்அவுட்டை நிறுத்துங்கள், திருத்தத்தை முந்தையதைவிட உயர்ந்த வெர்ஷன் கோடுடன் ஏற்றுங்கள். அந்த க்ராஷுக்கு அன்றே ஒரு டெஸ்ட் எழுதி ஆட்டோமேஷனில் சேர்த்துவிடுங்கள்.