தவளைத் தோலில் ஒரு மருந்து

அமெரிக்க மருத்துவர் மைக்கேல் ஸாஸ்லாஃப் ஆப்பிரிக்கத் தவளைகளுக்கு அறுவை செய்து, தையல் போட்டு, கலங்கிய தொட்டித் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். புண் சீழ் பிடிக்கவில்லை! காரணம், தோலில் இருந்த 'மகெய்னின்' என்னும் பெப்டைடு. 23 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. 1987-இல் அறிவித்தார். நேர்மின்னேற்றமுள்ள இது, எதிர்மின்னேற்றமுள்ள பாக்டீரியா உறையில் ஒட்டி ஓட்டை போட்டுவிடும். நம் செல்களின் வெளிப்புறத்தில் அந்த ஏற்றம் குறைவு, பெரும்பாலும் தப்பிவிடும்.

செயற்கையாகச் செய்வது ரயில் பெட்டி கோப்பது போலத்தான் (எனக்கு வேறு உவமை வராது!). முதல் அமிலத்தைப் பிசின் மணியில் பூட்டி, மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். சில பெட்டிகளை மாற்றி நேர்மின்னேற்றத்தைக் கூட்டியதும் 'பெக்ஸிகனன்' பிறந்தது. சர்க்கரை நோயாளியின் கால்புண்ணுக்கான களிம்பு. எனக்கும் சர்க்கரை உண்டு. ஆவலோடு தேடிப் படித்தேன். 1999-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி மறுத்துவிட்டது. 2016-இல் வந்த சோதனை முடிவிலும் அது வெறும் களிம்பை வெல்லவில்லை.