புல்வெட்டும் கருவி: பெட்ரோலிலிருந்து பேட்டரிக்கு

தாமல் போன்ற ஏரிப்பாசன ஊர்களில் வரப்புப் புல்லை வெட்டப் பெட்ரோல் கருவியைத் தோளில் மாட்டி உழைப்போர் உண்டு. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் ஹீமோகுளோபினோடு இணைகிறது. இதயநோய் உடையோருக்கு இதனால் நெஞ்சுவலி வரக்கூடும். மேலும், 85 டெசிபெலைத் தாண்டும் ஓசை நாள்தோறும் நீடித்தால் செவித்திறன் குறையும், இழந்தது மீளாது.

பேட்டரிக் கருவியில் புகையில்லை, ஓசையும் குறைவு. ஆகவே மாறுவதை வரவேற்கிறோம். ஆயினும் சுழலும் கத்தி அதேதான். ஓசையின்றி நிற்பதால் கருவி அணைந்துவிட்டதெனக் கருதலாகாது. சிக்கிய புல்லை எடுக்குமுன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் மூடிய காலணியும் என்றும் தேவை. கண்ணில் கல்லோ கம்பித்துண்டோ தெறித்தால் தேய்க்காமல், பிடுங்காமல், உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.