பதிவுகளின் பின்னே மனிதர்

மழை பெய்தாலும் விலைவாசி ஏறினாலும் மக்கள் தம் எண்ணத்தை உடனே சமூக ஊடகங்களில் எழுதிவிடும் காலம் இது. இப்பதிவுகள் வெறும் பொழுதுபோக்குத்தானா? அல்ல. அறிஞர்கள் இவற்றைத் திரட்டி ஆராய்ந்து பல உண்மைகளைக் கண்டறிகின்றனர். அது எவ்வாறு நடைபெறுகிறது என்பதை நாம் இங்குக் காண்போம்.

முதலில் ஆய்வாளர் தம் கேள்வியைத் தெளிவாக வகுத்துக்கொள்கிறார். எந்த ஊடகத்தில், எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எந்தச் சொற்கள் அமைந்த பதிவுகள் தேவை என்று முடிவு செய்கிறார். பின்னர் கணினியின் உதவியால் அவற்றைத் திரட்டுகிறார். திரும்பத் திரும்ப வந்தவற்றையும் இயந்திரம் எழுதியவற்றையும் நீக்குகிறார். எஞ்சியவற்றில் ஒரு பகுதியை இருவர் தனித்தனியே படித்து வகைப்படுத்துவர். இருவர் முடிவும் ஒத்திருந்தால்தான் அந்த வகைப்பாட்டை நம்பலாம்.

ஜப்பானில் டோக்கியோ பல்கலைக்கழகத்தார் 2010 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. நிலம் நடுங்கியவுடன் மக்கள் ட்விட்டரில் எழுதிய பதிவுகளைக் கொண்டே அவர்கள் நிலநடுக்கத்தைக் கண்டறிந்தனர். அந்நாட்டு அளவில் 3 அல்லது அதற்கு மேற்பட்ட நடுக்கங்களில் 96 விழுக்காடு இவ்வாறு தெரியவந்தன. ஆனால், நிலநடுக்கம் பற்றிய மாநாட்டுக்குச் செல்வதாக எழுதியவரும் அதே சொல்லைத்தானே எழுதியிருப்பார்! அத்தகைய பதிவுகளைப் பிரித்தறியக் கணினியைப் பழக்க வேண்டியிருந்தது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. ஆனால் சோறு அதே பானையிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும் அல்லவா? வயலில் நாற்று நடும் பாட்டி ஊடகத்தில் எதுவும் எழுதுவதில்லை. ஆகவே, பதிவுகளை மட்டும் எண்ணிவிட்டு, இதுவே நாட்டு மக்களின் கருத்து என்று கூறிவிட முடியாது.

இதைவிடப் பெரிய பொறுப்பு ஒன்றும் உண்டு. 2008 ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் சிலர், ஒரு கல்லூரியின் சுமார் 1,700 மாணவர்களுடைய முகநூல் விவரங்களை மற்ற ஆய்வாளர்களின் பயன்பாட்டுக்காக வெளியிட்டனர். மாணவர்களின் ஒப்புதலைக் கேட்கவில்லை. பெயர்களை நீக்கினர், கல்லூரியின் பெயரையும் மறைத்தனர். ஆயினும் அங்குள்ள பாடப்பிரிவுகளைக் கொண்டே அது ஹார்வர்டு என்று விரைவில் கண்டுபிடித்துவிட்டனர். ஒரு நாட்டிலிருந்து ஒரே ஒரு மாணவர் வந்திருந்தால், அவர் யார் என்று அறிவது எளிதல்லவா? இறுதியில் அத்தொகுப்பு திரும்பப் பெறப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? எல்லோரும் காணும்படி எழுதியது என்பதால், அது எல்லோருக்கும் உரியதாகிவிடாது. பெயரை நீக்கினால் மட்டும் போதாது. ஒருவர் எழுதிய வாக்கியத்தை அப்படியே கட்டுரையில் எடுத்தாண்டால், அதே சொற்களைத் தேடி எழுதியவரைக் கண்டுபிடித்துவிடலாம். எனவே கருத்தை மட்டும் கூறுவதும், நோயும் துயரமும் பற்றிய பதிவுகளுக்கு உரியவரிடம் அனுமதி பெறுவதும் முறையாகும்.

தோழியரே! நாமும் நாளை கல்லூரிகளில் ஆய்வு செய்யப் போகிறோம். ஒரு பதிவை எடுக்குமுன், இது நம் தங்கை எழுதியதாக இருந்தால் எடுக்கச் சம்மதிப்போமா என்று எண்ணிப் பார்ப்போம். அறிவைத் தேடும்போதும் பிறர் மனம் புண்படாமல் காப்போமாக!